அன்னங்களின் கழுத்தில் எண்ணெய்

திண்டிவனத்தில் அக்கா வீட்டுச் சுவரில் தொங்கும் கம்பளி நூல் அன்னங்களிடமிருந்து இன்றும் அதே சிக்கு வாடை வந்தது. இடித்துத் தரைமட்டமாக்கிவிட்ட விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில், எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து, கேன்வாஸ் துணியின் கட்டங்களை எண்ணி எண்ணி, நூல்முனையை எச்சிலில் நனைத்துக் கோத்து, நாக்கில் கம்பளி மயிர் ஒட்ட ஒட்ட, அந்த ஜோடி அன்னங்களைக் கிராஸ் தையலில் போட்டவள் நான். அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் அம்மா படத்தின் மூலையில் இருந்த என் பெயரைப் பிரித்துவிட்டு, அதே ஓட்டைகளில் அக்காவின் பெயரைத் தைத்தாள்.

"அவ போட்டதுன்னு சொல்லிக்கிறேன். நீ வாயத் தெறக்காம இரு."

வந்த மாமியார்கள் எல்லாரும், கண்ணாடி போடாத அந்தப் படத்தைப் பஜ்ஜி தின்ற விரலாலேயே தடவிப் பார்த்தார்கள். வேண்டாமென்று அவர்கள் சொல்லியனுப்பியதும் அம்மா அன்னங்களின் கழுத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள். எண்ணெய் போகாது, சீயக்காயும் சேர்ந்து நாறும், அந்த ஈரக் கம்பளி காய்கிறவரை எனக்குச் சோறு இறங்காது. ஆறாவதாக வந்தவர்களுக்குத்தான் அக்காவைப் பிடித்தது. படமும் அவளோடு போனது.

இன்று அக்கா மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்னத்தின் கழுத்தில் விரலை ஓட்டினாள்.

"பொண்ணு போட்டதாங்க?"

அக்கா என்னைப் பார்த்தாள்.

"ஆமாங்க, அவளே போட்டதுதான்" என்றேன்.

போன வாரம் மூலையில் இருந்த அக்காவின் பெயரைப் பிரித்து, அவள் மகளின் பெயரைத் தைத்துக் கொடுத்ததும் நான்தான்.