ஒரு கோணல் புருவம்

எங்கள் தெருவில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. கட்டின புருஷனைத் திட்டியே தீர்த்தவள் என்று. என் காதில் விழட்டும் என்றுதான் பேசுவார்கள். எனக்கு வாய் நீளம், இல்லை என்று சொல்லவில்லை. கொள்ளேகாலத்துப் பக்கம் பிறந்தவள். எருமையை ஓட்டினாலும் ஊருக்கே கேட்கும்படி ஓட்டித்தான் பழக்கம். ஆனால் அந்தத் திட்டு எங்கே தொடங்கியது என்று இவர்களுக்குத் தெரியாது. தெரிந்தால் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்கள், போங்கள்!

என் வீட்டுக்காரர் மைசூரில் ஒரு நாடகக் கம்பெனிக்கு மேக்கப் போடுகிறவர். கம்பெனியில் எல்லோரும் அவரை ‘மேஷ்ட்ரு’ என்பார்கள், கன்னடத்தில் வாத்தியாரைக் கூப்பிடுவது போல. சபேதா என்கிற வெள்ளைப் பொடியை உள்ளங்கையில் கொட்டி, தேங்காயெண்ணெய் விட்டு, மஞ்சளும் சிவப்பும் சேர்த்துக் குழைத்து முகத்தில் இழுப்பார். அரைமணியில் அரிசிமண்டிக் கணக்குப்பிள்ளை தர்மராஜாவாகிவிடுவான். கல்யாணமான புதிதில் நான் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன்.

சுதந்திரம் வந்து சில வருஷம் ஆகியிருந்தது. மகாராஜா அரண்மனையில் இருந்தார், ராஜ்ஜியம் மட்டும் கைமாறியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் சாப்பாட்டில் பார்த்தேன். ரசத்தைக் கையில் ஏந்தினால் வாய்க்குப் போவதற்குள் பாதி வேட்டியில். டாக்டர் பார்த்துவிட்டு, இத்தனை வருஷம் அந்த வெள்ளைப் பொடியைக் கையில் குழைத்ததுதான் காரணம், அதில் ஈயம் இருக்கிறது, இனிமேல் தொடாதே என்றார். வெளியே வந்ததும் இவர், “டாக்டருக்கு நாடகம்னா புடிக்காதாட்ட இருக்குது” என்றார். சிரித்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன்.

“ஏம்புள்ள, இந்தக் கை நடுங்கறது ஒருத்தருக்குத் தெரிஞ்சாலும் போச்சு. அன்னையோட மேக்கப் பொட்டிய மூடிருவேன். அப்பறம் நான் ஆருன்னு கேட்டா என்ன சொல்றது?” என்றார். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அந்த முறை கம்பெனி ஊர் ஊராகப் போனபோது காய்ச்சல் என்று சொல்லிப் பின்தங்கிவிட்டார்.

அப்போதுதான் பட்டுக்கடை முதலாளி ஒருவர் வந்தார். தசரா பொருட்காட்சியில் மேடை போட்டு, காலேஜ் பெண்களுக்கு மைசூர்ப் பட்டுக் கட்டி, வாத்தியம் வாசிக்க ஒவ்வொருத்தியாக நடக்கவிடப் போகிறாராம். பம்பாயில் இதெல்லாம் நடக்கிறதாம். ‘ஃபேஷன் ஷோ’ என்று சொல்லும்போதே அவருக்கு வாயெல்லாம் பல். மேஷ்ட்ருதான் மேக்கப் போடவேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார். இவருக்கு ஆசை. கை இப்படி. என்ன சொல்லப் போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காப்பாற்றினது அந்தப் பெண்களின் அம்மாமார்கள்தான். மேல்கோட்டைப் பக்கத்து ஐயங்கார் மாமி ஒருத்தி, “நன்னாயிருக்கே! ஆம்பளை வந்து எம் பொண்ணு மொகத்தைத் தொடறதாவது? புடவையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்” என்று கிளம்பிவிட்டாள். முதலாளி தலையில் கை வைத்தார். இவர் சட்டென்று, “எம் பொஞ்சாதி போடுவா. நான் திரைக்கு இந்தப் பக்கம் உக்காந்து சொல்லிக் குடுக்கறேன்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததே இல்லை.

மேடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை. நடுவில் கயிறு கட்டி ஒரு படுதா. இந்தப் பக்கம் நான், பெண்கள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருக்கும் அம்மாமார்கள். அந்தப் பக்கம் தகரப்பெட்டிமேல் அவர். ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் நான் அவள் முகத்தை வாயால் சொல்லவேண்டும். “நெத்தி ஏறிக் கெடக்குதுங்க. மாநெறம். மூக்கு நல்ல மூக்கு. கண்ணுக்குக் கீழ கறுப்புக் கட்டியிருக்குது, படிக்கிற புள்ளையாட்ட இருக்குது.” அவர் ஒரு நிமிஷம் யோசிப்பார். “மஞ்சள் கூடப் போடு. வெள்ளையத் தொட்டுத் தொட்டு ஒத்து, தேய்க்காத. கன்னத்துச் சேப்பு காதுப் பக்கம் போவட்டும். நாடகம்னா கடைசி வரிசைக்குத் தெரியோணும். இங்க முதல் வரிசை கைக்கெட்டற தூரத்துல இருக்குது, பூசினதே தெரியக்கூடாது.” நான் போடுவேன். ஒரு முகத்தையும் அவர் பார்க்கவில்லை. ஒரு முகமும் தப்பாகப் போகவில்லை.

பெண்களுக்கு இது பெரிய விளையாட்டாகிவிட்டது. “மாமி, மாமா எங்களைக் கண்டு பயந்துண்டா ஒளிஞ்சிருக்கார்?” என்று ஒருத்தி கேட்பாள். “உன்னையப் பாத்தா நானே பயப்படறேன், ஆடாம உக்காரு” என்பேன். படுதாவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்கும். கட்டுப்பாடான மனுஷன், பெண்கள் பக்கம் தலை நீட்டுவதில்லை என்று அம்மாமார்கள் மெச்சிக்கொண்டார்கள். மெச்சட்டும் என்று விட்டுவிட்டேன். மடியில் கையைக் கையால் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தது அவர்களுக்கு எங்கே தெரியும்? தசரா முடியும்வரைக்கும் இப்படியே ஓட்டிவிடலாம் என்று நம்பினேன். சாமுண்டியம்மனுக்கு வேண்டிக்கொள்ளவும் செய்தேன்.

கடைசி நாள் முதலாளிக்குப் புதிதாக ஒரு யோசனை. முடிவில் ஜரிகைப் புடவை கட்டி வரும் பெண்ணுக்கு முன்னால் ராஜா ஒருவர் நடந்து வரவேண்டுமாம். கம்பெனியின் ராஜபார்ட் நடிகர் தசராவுக்கு ஊர் திரும்பியிருந்தார். அவரைக் கூட்டி வந்துவிட்டார்.

அந்த மனுஷரைப் பற்றிச் சொல்லவேண்டும். மகா கோபக்காரர். மீசை ஒரு நூல் கோணினாலும் கண்ணாடியைத் தூக்கி எறிவார். “மேஷ்ட்ரே, இது மீசையா, கரப்பான் பூச்சியா? கண்ணு பின்னந்தலையிலயா இருக்கு?” என்று கொட்டகை அதிரக் கத்துவார். என் வீட்டுக்காரரும் விடமாட்டார். சாப்பிடும்போது அதையெல்லாம் எனக்கு நடித்துக் காட்டிச் சிரிப்பார். “இந்தத் திட்டு வாங்கிக்கிட்டு எதுக்குங்க அங்க குப்பை கொட்டறீங்க?” என்று ஒரு தடவை கேட்டேன். “அட, அந்தாளு திட்டினா என்ற கை வேலை செய்யுதுன்னு அர்த்தம் புள்ள. செத்த கைய ஆராச்சும் திட்டுவாங்களா?” என்றார்.

அந்த நடிகர்தான் அன்றைக்குப் படுதாவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தார். “மேஷ்ட்ரே! காய்ச்சல்னு டிமிக்கி குடுத்துட்டு இங்க பொண்ணுங்களுக்குப் பவுடர் போடறீங்களா? ஆகட்டும், எனக்கும் போடுங்க” என்றார்.

பெண்ணை ஆண் தொடக்கூடாது என்ற கட்டு இத்தனை நாள் என் வீட்டுக்காரரைக் காப்பாற்றியது. அதே கட்டுதான் இப்போது என்னைக் கட்டிப்போட்டது. அத்தனை அம்மாமார்கள் முன்னால் நான் எழுந்து போய் வேற்று ஆண்பிள்ளை முகத்தில் எப்படிக் கை வைப்பேன்? “பேக பேக!” என்று முதலாளி வேறு அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நான் ஜரிகைப் புடவைப் பெண்ணின் கன்னத்தில் விரலை வைத்தபடி நின்றேன்.

படுதா இடுக்கில் பார்த்தேன். இவர் வெள்ளை போட்டு முடித்திருந்தார். அது விரலால் தடவுவது, எப்படியோ சமாளித்துவிட்டார். இப்போது புருவம். மை தொட்ட தூரிகை வலது கையில், அந்த மணிக்கட்டை இடது கை இறுக்கிப் பிடித்திருந்தது. நெற்றி நரம்பு புடைத்திருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கோடு இழுத்தார். புருவம் பாதி வரைக்கும் நன்றாகத்தான் வந்தது. அப்புறம் ஒரு துள்ளல். மை நெற்றிப் பொட்டுவரை ஏறிவிட்டது.

நடிகர் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள்ளேயே மேஷ்ட்ருவின் கையைப் பார்த்தார். கத்தட்டும், கண்ணாடியை உடைக்கட்டும் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அவர் கத்தவில்லை. ஜரிகைத் தலைப்பாகையை எடுத்து வைத்து, அந்தப் புருவம் மறையும்படி கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். எழுந்தார். “நல்லா இருக்கு மேஷ்ட்ரே” என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மேடைக்குப் போனார்.

வெளியே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. முதலாளி துள்ளிக் குதித்தார். பெண்கள் பூவைப் பிய்த்து ஒருத்திமேல் ஒருத்தி எறிந்து கும்மாளம் போட்டார்கள். நான் படுதாவைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். யார் என்ன நினைத்தால் என்ன! அவர் பெட்டிமேல் உட்கார்ந்து தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்த தூரிகையைத் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

“ஒரு வார்த்தை திட்டலையே, புள்ள” என்றார்.

அதற்குமேல் அவர் அழுததை நான் எழுதப்போவதில்லை.

சொன்னபடியே பெட்டியை மூடினார். அந்த நடிகர் நல்லவர், வெளியே மூச்சு விடவில்லை. தீபாவளிக்கு வேட்டியும் பழமும் அனுப்பினார். வேட்டியை இவர் பிரிக்கவேயில்லை. அடுத்த தசராவுக்குப் பட்டுக்கடைக்காரர் என்னைக் கூப்பிட்டார். “நீ போ, நான் எதுக்கு?” என்று இவர் வரவில்லை. தனியாகப் போனேன். முதல் பெண் வந்து உட்கார்ந்ததும், “நெத்தி சின்னதுங்க, நல்ல செவப்பு” என்று படுதாவைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். பழக்கதோஷம். அந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள்.

வீட்டில் அவருடைய கை நாளுக்கு நாள் மோசமானது. ஒருநாள் காலையில் காப்பி டம்ளர் தவறிப் பாயெல்லாம் காப்பி. “பரவால்லீங்க, உடுங்க” என்று சொல்ல வாய் வந்துவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். கொட்டகையில் அன்றைக்கு இருந்த அதே முகம். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, “கண்ணு பின்னந்தலையிலயா இருக்குது? இப்பத்தான் தொவச்சுப் போட்ட பாயி! ஆரு கழுவறது, உங்கப்பனா வருவான்?” என்று ஒரு கத்து கத்தினேன். பக்கத்து வீட்டில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றது. அவர் என்னைப் பார்த்தார். “ஏன், நாங் கழுவ மாட்டனா? பெருசா வந்துட்டா!” என்று எதிர்க் கத்துக் கத்தினார். பாயைத் தரதரவென்று முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய் அவரே கழுவினார். கழுவும்போது பழைய நாடகப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார்.

அன்றிலிருந்து நான் ஓயவில்லை. சோறு சிந்தினால் திட்டு, பொத்தான் மாட்ட நேரமானால் திட்டு, கதவில் இடித்துக்கொண்டால் திட்டு. தொண்டை வலிக்கத் திட்டியிருக்கிறேன். திட்டிவிட்டு அடுப்படியில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருக்கிறேன். தெரு எனக்குப் பெயர் வைத்தது. வைத்துவிட்டுப் போகட்டும்.

கடைசியில் அவர் படுக்கையோடு கிடந்தார். ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தை நான் ஊட்ட விடாமல் தானே வாங்கினார். கை எழவில்லை. கஞ்சி முழுக்க மார்பில் கொட்டிவிட்டது. வாயைத் திறந்தேன். வரவில்லை. எத்தனையோ வருஷம் கேட்காமல் வந்த திட்டு, அன்றைக்கு வரவேயில்லை. துண்டை எடுத்து அவர் மார்பைத் துடைத்தேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்புள்ள, திட்டலையா?” என்றார்.

“திட்டறனுங்க, இருங்க, திட்டறேன்” என்றேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.