கேட்காமலே கிடைக்கும் விளக்கம்

"என் மாயக்கதையில அரக்கன் எதுக்குங்க குப்பையில படுத்திருக்கான்? குப்பைன்னா அந்தக் காலத்துல குவியல். பொற்குவியல்!"

டீக்கடை பெஞ்சில் எதிரே இருந்தவர் எதையுமே கேட்கவில்லை. "அந்தா பஸ்ஸு வந்துட்டு" என்று பாதி டீயோடு எழுந்துவிட்டார். பிரபாகரன் அடுத்த ஆளைத் தேடினார்.

பிழைப்புக்குப் போன மெல்போர்னில் இருக்கும்போது, எங்க ஊரு வெடிதான் நாடு முழுக்க வெடிக்கும் என்று மார்தட்டுவார். ஊருக்கு வந்தால், தெருமுனையில் ஒரு சரம் வெடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்துவிடுவார். காய்ச்சிய தண்ணீரையும் முகர்ந்து பார்த்தே குடிப்பார். செய்தி படிப்பது இரண்டு மொழியில் என்பதால், ஒன்றில் விட்டுப்போன கவலை மற்றொன்றில் வந்து சேர்ந்துவிடும்.

இந்தத் தடவை, தான் எழுதிய மாயாஜால நாவலைத் திருத்தங்கலில், காலண்டர் சீசன் ஓய்ந்த ஒரு அச்சகத்தில் அச்சடித்திருந்தார். மனைவி முன்னுரை வரை படித்தார். நண்பர்கள் அட்டையைப் பாராட்டினார்கள். மிச்சம் இருந்தது தாயில்பட்டி அக்கா மாரிசெல்விதான். வெடிக் கம்பெனியில் வேலை; லீவு நாளில் கதைப்புத்தகம். அவரும் பாதியில் மூடிவிட்டால் இனி எழுதுவதில்லை என்று பிரபாகரன் முடிவுகட்டியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு தட்டுக் காராச்சேவோடு படிக்க உட்கார்ந்தார்; பிரபாகரன் பக்கத்திலேயே. நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

"ஏலே, இந்தப் பயலுக்கு இப்பத்தான் மீசையே அரும்புது. கோட்டைவாசப் பூதம் எதுக்கு 'வாரும் கிழவரே'ங்குது?"

அந்தப் புதிர் கடைசி அத்தியாயத்தில்தான் அவிழ வேண்டும். நாவலே அதற்காகத்தான். ஆனால் விளக்கம் தொண்டைவரை வந்துவிட்டதே!

"யக்கா, பழைய தமிழ்ல கிழமைன்னா உரிமை. கிழவன்னா உரிமைக்காரன். கோட்டையே அவனுதுதான்!"

மாரிசெல்வி புத்தகத்தை மூடினார்.

"முடிவை நீயே சொல்லிட்ட. பெறகு நான் என்னத்துக்குலே படிக்கணும்?"

பிரபாகரன் அவசரமாகச் சமாளித்தார். "அது... அவனுக்கே கடைசி வரைக்கும் தெரியாதுக்கா."

"தெரியாமத்தான் ஆடு மேய்ச்சுக்கிட்டு அலையுதானாக்கும்?"

"ஆமா."

"வெவரங்கெட்ட பய. எப்பத்தான் முழிக்கான்னு பாப்போம்."

புத்தகம் திரும்பவும் திறந்தது. கொஞ்ச நேரத்தில் அக்காவின் புருவம் மறுபடி ஏறியது.

"அது வந்துக்கா, பழைய தமிழ்ல..."

மாரிசெல்வி எழுத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. தட்டிலிருந்து ஒரு கை காராச்சேவை அள்ளித் தம்பி வாயில் திணித்துவிட்டு, பக்கத்தைப் புரட்டினார்.