கூண்டு மூடியைப் பற்றி ஒரு வரி

என் ஆய்வு வழிகாட்டியை நாங்கள் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். எந்த ஆய்வுக் கட்டுரை கைக்கு வந்தாலும் அக்கா அதைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். மேற்கோள் பட்டியலில் விரலை ஓட்டி, தன் பெயரைக் கண்ட இடத்தில் நகத்தால் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் தலைப்புக்கே வருவார். கேலி செய்தால், "குரூப் போட்டோல முதல்ல யார் மூஞ்சியத் தேடுவே? உன் மூஞ்சியத்தானே?" என்பார்.

வயது ஐம்பதைத் தொட்டிருந்தது. உணவிலுள்ள தாதுக்கள் குடலில் எந்த மரபணுவைத் தூண்டுகின்றன என்று கண்டறிவதுதான் அவருடைய வேலை. முப்பத்தெட்டு கட்டுரைகள் எழுதியிருந்தார். அவற்றில் ஒன்று மட்டும் மற்ற எல்லாம் சேர்ந்து வாங்காத மேற்கோள்களை வாங்கியிருந்தது. துத்தநாகம் அறவே இல்லாத தீனியிலும் ஒருவகை நார்ச்சத்தைச் சேர்த்தால் சுண்டெலிகள் நன்றாக வளரும் என்று சொன்ன கட்டுரை. ஆய்வகத்தில் அதற்கு 'மூத்த பிள்ளை' என்று பெயர். "மத்ததெல்லாம் தின்னுட்டுத் தூங்குது, இவன்தான் சம்பாதிச்சுப் போடறான்" என்று சிரிப்பார்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். என் பெயர் ஒரு கட்டுரையில் வந்தபோது அப்பா கேட்டார், "இதுக்கு எவ்வளவு குடுப்பாங்க?"

"கட்டுரையைப் போட நாமதாம்பா குடுக்கணும்."

"நல்லாப் படிச்சே, போ."

மூத்த பிள்ளை விட்ட இடத்திலிருந்து மேலே போவதுதான் என் ஆய்வு. நார்ச்சத்து கொடுத்தும் என் எலிகள் இளைத்தன, மூக்கைச் சுற்றி முடி கொட்டியது. நான் என் கையைத்தான் சந்தேகப்பட்டேன். படித்தவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாக வந்துவிடும் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதே மாதங்களில் வேறோர் ஊரிலிருந்து ஒரு மாணவி அக்காவுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். "நீங்கள் எழுதியபடியே செய்கிறேன், மேடம். எலிகள் சாகின்றன. நான் எங்கே தவறுகிறேன்?" வருடக் கடைசிக்குள் முடிவு வராவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவை ரத்து செய்துவிடப்போவதாக அங்கே அவள் வழிகாட்டி சொல்லியிருந்தார். எடை போடும்போது கவனமாக இரு, கையுறையை மாற்று என்று அக்கா நல்ல மனதோடுதான் பதில் போட்டார்.

ஒருநாள் மதியம் என் எலிகளைப் பார்க்க விலங்குக்கூடத்துக்கு வந்தவர், எலிகளை விட்டுவிட்டுக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இந்த மூடியெல்லாம் எப்ப மாத்தினாங்க?"

"நான் வந்தப்பவே எல்லாம் ஸ்டீல்தான்க்கா."

அக்கா முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் ஸ்டீல் கூண்டுகள் போதவில்லை. நார்ச்சத்து கொடுத்த எலிகளைப் பழைய கூண்டுகளில் விட்டிருந்தார்கள். அவற்றின் மூடி துத்தநாகம் பூசிய இரும்புக் கம்பி. எலி எதைத்தான் கடிக்காது?

"நாரும் இல்ல, மண்ணும் இல்ல. மூடியைக் கடிச்சே பொழச்சிருக்குங்க" என்றார்.

கட்டுரையில் தீனியின் ஒவ்வொரு கிராமுக்கும் கணக்கு உண்டு. கூண்டு மூடியைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அக்கா, அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடலாமா?"

"அடுத்த மாசம் பேராசிரியர் பதவிக்கு நேர்காணல். மூத்தவனைக் கொன்னுட்டு எந்த மூஞ்சியோட போய் உக்காருவேன்?"

"அவளுக்கு வருஷக் கடைசி வரைக்கும்தான்க்கா..."

"தெரியும்டி. நேர்காணல் முடியட்டும். மொத வேலையா அவளுக்கு நானே எழுதறேன். கட்டுரையைப் போட்ட பத்திரிகைக்கும் எழுதறேன். என்மேல நம்பிக்கை இல்லையா?"

இருந்தது. நேர்காணல் முடிந்தது, பதவியும் வந்தது. புது அறைக்கு மேசை வரட்டும் என்றார். பிறகு நிறுவனத்தைப் பார்வையிடும் குழு வந்து போகட்டும் என்றார். இன்னொரு முறை நினைவூட்டியபோது குரல் மாறியது. "நீ என் மாணவியா, அவளுக்கு வக்கீலா?" வருடம் முடிந்தது. அந்தப் பெண்ணின் மின்னஞ்சல்களும் நின்றன.

சில வாரங்கள் கழித்து அக்கா மாடிப்படியில் மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக்கசிவு. கண் விழிக்கவே இல்லை. இரங்கல் கூட்டத்தில் எங்கள் நிறுவன இயக்குநர் மேற்கோள் எண்ணிக்கையை வாசித்தார், மூத்த பிள்ளையை முதலில் வைத்து. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் கணவர் என் பக்கம் குனிந்து, "அவ்வளவு பேரா படிச்சிருக்காங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது?

மறுவாரம் இயக்குநரிடம் மூடியைப் பற்றிச் சொன்னேன். "போனவங்களத் தோண்டாதே. உன் ஆய்வேட்டை முடிக்கிற வழியைப் பாரு" என்றார். பத்திரிகைக்கு நானே எழுதினேன். கட்டுரையை எழுதியவர்தான் திருத்தம் அனுப்பவேண்டும் என்று பதில் வந்தது.

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தேன். ஆய்வை விட்டுவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில் விற்பனைக்கு அலைந்துகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது.

"நன்றி. அப்படியென்றால் என் கை சரியாகத்தான் இருந்திருக்கிறது. ஒன்று மட்டும் சொல்லுங்கள். மேடத்துக்கு இது எப்போது தெரியும்?"

மாதத்தைச் சொன்னேன். அப்போது அவள் பதிவு உயிரோடுதான் இருந்தது. அதை அவளே கணக்குப் போட்டிருப்பாள். பிறகு அவள் எழுதவில்லை. அக்கா தன் கையால் எழுதுவதாகச் சொன்ன பதில் இன்னும் அவளுக்குப் போய்ச் சேரவில்லை. அதை வேறு யாரும் எழுதவும் முடியாது.