தம்பி விற்ற காருக்கு வாரண்டி

சொந்தத் தம்பியிடம் கார் வாங்கிவிட்டு அதற்குத் தனியாக வாரண்டியும் வாங்குவது, அம்மா வீட்டில் சாப்பிட்டுவிட்டு பில் கேட்பது மாதிரி என்று நான் நினைத்தேன். நினைத்ததை வாய்விட்டும் சொன்னேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். தம்பி சிரிக்கவில்லை. எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுகிறவன் இதற்கு ஏன் சிரிக்கவில்லை என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

கிள்ளானிலிருந்து தெலுக் பங்லிமா காராங் போகும் சாலையில் அவனுக்குப் பழைய கார் விற்கும் கடை இருக்கிறது. அங்கே ஆறு வருடப் பழசான ஒரு ஜெர்மன் கார் வந்தது. கருநீலம். கதவைச் சாத்தினால் வெளியில் ஒரு உலகம் இருப்பதே மறந்துபோகும். என் வீட்டுக்காரர் வேலை செய்த காலமெல்லாம் துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். வெயிலும் இரைச்சலும் தின்ற உடம்பு. ஓய்வு பெற்றதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று, சத்தமில்லாத ஒரு வண்டி. வீட்டுக்கு இது வேண்டும், அது வேண்டும் என்று ஒரு நாளும் கேட்காத மனிதர் கேட்டால் எப்படி இல்லை என்பது? வாங்கிவிட்டோம். "மச்சான் கடை வண்டி, கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்" என்றார். இருவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் எடுத்தோம்.

வண்டி எங்கள் பெயருக்கு மாறிய மறுநாளிலிருந்தே தம்பி வாரண்டியைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, ரெண்டு வருஷ வாரண்டி ஒண்ணு இருக்கு. எஞ்சின், கியர்பாக்ஸ், வயரிங் எல்லாம் கவர் ஆகும். எடுத்துக்குங்க."

"நல்ல வண்டின்னுதானே குடுத்த?"

"நல்ல வண்டிதான்லா. ஜெர்மன் கார் இல்லையா, ஒரு பார்ட்ஸ் போனா வீட்ட அடமானம் வைக்கணும். எடுத்துக்குங்க அக்கா."

நான் பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் தலைமை கிளார்க். வாரண்டிக் கம்பெனிகளோடு மல்லுக்கட்டும் கடிதங்களைத் தட்டச்சு செய்தே விரல் தேய்ந்தவள். அந்தப் பத்திரங்களில் முதல் பக்கம் அவர்கள் என்ன கொடுப்பார்கள் என்பதைப் பற்றி. மிச்சப் பக்கம் முழுக்க, எப்படிக் கொடுக்காமல் இருப்பார்கள் என்பதைப் பற்றி. அதனால் வேண்டாம் என்றேன். வீட்டுக்காரர் எடுத்துவிடுவோம் என்றார். ஒரு வாரம் இதே பேச்சு. தம்பியோ காலையில் ஒரு போன், மாலையில் ஒரு போன். அக்காமேல் எவ்வளவு பாசம் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. கடைசியில் சரி என்றேன். சனிக்கிழமை மாலை வாரண்டிக்காரப் பையன் கையெழுத்து வாங்க வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை காலை வீட்டுக்காரர் தோசை வாங்கி வருகிறேன் என்று மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். காரை எடுக்கவில்லை. தோசைக் கடைக்கெல்லாம் அந்தக் காரைக் கொண்டுபோக அவருக்கு மனம் வராது. நான் கார் மேலிருந்த மாமர இலைகளைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஆன்டி கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு முந்தின இரவுதான் திரும்பியிருந்தார்.

எங்கள் தாமான் குடியிருப்பில் புதிதாக ஒரு கார் வந்தால் யாரும் முதலில் காரைப் பார்ப்பதில்லை, நம்பரைத்தான் பார்ப்பார்கள். பார்த்துவிட்டு நேராக லாட்டரி விற்கும் நம்பர் கடைக்குப் போய் அந்த நாலு எண்ணை எழுதுவார்கள். கார் அடிபட்டுக் கிடந்தால் இன்னும் விசேஷம். விபத்துக் கார் நம்பர் கட்டாயம் விழும் என்று ஒரு நம்பிக்கை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் நம்பரை மனப்பாடம் செய்துவிடுகிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். ஆன்டி அந்தக் கூட்டத்துக்கே தலைவி.

காரின் முன்னால் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இந்த நம்பர எனக்குத் தெரியும்மா."

"கனவுல வந்துச்சா ஆன்டி?" என்று கிண்டலடித்தேன்.

"கனவுல இல்ல. ஒரு மாசம் விடாம வாங்கினேன், ஒண்ணும் வரல. போடான்னு விட்டேன். விட்ட அடுத்த வாரமே ஃபர்ஸ்ட் பிரைஸ்! செத்தாலும் மறக்குமா அந்த நம்பரு?"

"இந்த நம்பர எங்க பாத்தீங்க?"

"ஷா ஆலாம்ல. பெரிய வெள்ளம் வந்துச்சே, அப்ப. தண்ணி வடிஞ்சதும் என் தங்கச்சி வீட்டக் கழுவப் போனோம். வாசல்ல ஒரு பெரிய காரு குறுக்கால நின்னுச்சு. கண்ணாடி வரைக்கும் சேறு. நம்பர் பிளேட்டத் துடைச்சுப் பாத்ததே நான்தான்லா."

"என்ன கலர்?"

ஆன்டி காரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சேறா இருந்துச்சு… கதவுப் பக்கம் நீலமாதான் தெரிஞ்சுச்சு." பாவம், வாய் தவறிவிட்டது என்று அவருக்கே புரிந்துவிட்டது. "வேற காராவும் இருக்கும்மா. முன்னால இருக்கிற எழுத்தெல்லாம் நான் எங்க பாத்தேன்? நாலு நம்பர்தான் பாப்பேன்" என்று சொல்லிக்கொண்டே கேட்டை நோக்கி நடந்தார்.

வேறு காராகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு எண் ஒன்றாக இருக்கிற கார்கள் ஊரில் எத்தனையோ. ஆனால் என் கை அதற்குள் கார் கதவைத் திறந்துவிட்டிருந்தது.

வெள்ளத்தில் முழுகிய காரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் ஆபீஸுக்கு அந்த மாதிரி வழக்குகள் வந்திருக்கின்றன. சீட்டை மாற்றுவார்கள், தரை விரிப்பை மாற்றுவார்கள், வாசனை அடிப்பார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துக் கழுவ மட்டும் யாருக்கும் தோன்றாது. "பெல்ட்ட முழுசா இழுத்துப் பாருங்க" என்று போனில் எத்தனை பேருக்கு நான் சொல்லியிருப்பேன்! என் காரில் இழுத்துப் பார்க்கவில்லை. தம்பி கடையில் போய் யாராவது பெல்ட்டை இழுத்துப் பார்ப்பார்களா?

முதலில் டிரைவர் பெல்ட்டை இழுத்தேன். புத்தம் புதிதாக இருந்தது. கடவுளே என்று மூச்சு விட்டேன். பிறகு பின்சீட்டு. கறுப்பாக, சுத்தமாக வந்துகொண்டே இருந்தது. இன்னும் இழுத்தேன். கடைசி ஒரு முழத்தில் நிறம் மாறியது. காப்பி நிறத்தில் ஒரு கோடு. அதற்கு அப்பால் பெல்ட் முழுக்கச் செம்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. விரலால் தொட்டேன். உதிர்ந்து சீட்டில் விழுந்தது.

கார் போனதே என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தச் சீட்டில் உட்கார்ந்து நான் முதலில் நினைத்தது இதுதான்: அவனையும் யாரோ ஏமாற்றிவிட்டார்கள். என் தம்பியை எவனோ நன்றாக ஏமாற்றிவிட்டான். அவனுக்கு உடனே சொல்ல வேண்டும் என்றுதான் போனை எடுத்தேன்.

"தம்பி, இந்த வண்டி வெள்ளத்துல முழுகின வண்டிடா. உன்ன ஏமாத்திட்டானுங்க."

கடையில் யாரோ கார் கழுவும் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

"கேக்குதாடா?"

"அதான் அக்கா, வாரண்டி எடுத்துக்குங்க எடுத்துக்குங்கன்னு அவ்வளவு சொன்னேன்."

எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. இரண்டாம் தடவை அதே வார்த்தைகளை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

"தெரிஞ்சா குடுத்த?"

"நல்லா கழுவி, வயரிங் மாத்தி, ஓடுற கண்டிஷன்லதான் அக்கா குடுத்தேன். ஏதாச்சும் போனாலும் வாரண்டில போயிரும். உங்களுக்கு ஒரு காசு நட்டம் வராது."

"வெள்ளத்துல முழுகின வண்டிக்கு வாரண்டி செல்லாதுன்னு அதுலயே போட்டிருக்கு. எனக்குத் தெரிஞ்சவரைக்கும் முழுகலைன்னு நான் கையெழுத்துப் போடணும்."

"உங்களுக்குத் தெரியாம இருந்துச்சே அக்கா. அதான் நான் சொல்லல."

இப்படியும் ஒரு கணக்கு இருக்கிறது பாருங்கள். நான் பொய் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதற்காக என்னிடம் பொய் சொல்லியிருக்கிறான். இத்தனை பேர் வருகிற கடையில் என் தலையில் ஏன்டா கட்டினாய் என்று கேட்டேன். நியாயமாக அவன் அழுதிருக்க வேண்டும், இல்லை போனை வைத்திருக்க வேண்டும். பதில் சொன்னான்.

"வெளியாளுங்க எல்லாம் மெக்கானிக்கக் கூட்டிட்டு வராங்க அக்கா."

வீட்டுக்காரர் தோசைப் பொட்டலத்தோடு வந்தபோது நான் வாசற்படியில் இருந்தேன். சொன்னேன். "மச்சானா?" என்றார். பெல்ட்டை இழுத்துக் காட்டினேன். மண்ணைப் பார்த்துவிட்டு மறுபடியும் "மச்சானா?" என்றார். வேறு கேள்வியே அவரிடம் இல்லை. காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அந்தப் பையன் சாயங்காலம் வரான்ல? நமக்குத் தெரியாதுன்னே வச்சுக்குவோமே. கையெழுத்தப் போட்டுட்டா முடிஞ்சுச்சு."

மிச்சக் காசில் ஒரு வெள்ளி கூடுதலாக வந்தாலும் கடைக்குத் திரும்பி நடக்கிற மனிதர் அவர். தம்பி சொன்னதைவிட இதுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கார்மேல் அவருக்கு அவ்வளவு ஆசை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. நான் அழுவதைப் பார்த்ததும் சாவியை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனார். தோசையை யாரும் பிரிக்கவில்லை.

வாரண்டிக்காரப் பையனை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை ஆபீஸுக்கு லீவு போட்டு, காரை நானே ஓட்டிக்கொண்டுபோய்த் தம்பி கடையில் நிறுத்தினேன். அடுத்தவனுக்கு விற்பதென்றால் சொல்லி விற்க வேண்டும், இல்லாவிட்டால் எங்கள் ஆபீஸ் கடிதம் வரும் என்றேன். தலையை ஆட்டினான். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தான். தீபாவளிக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். மாமாவும் மச்சானும் வானிலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள்.

அதற்கும் பிறகு ஒரு நாள் அவனே போன் செய்தான். ஒரு ஜப்பான் கார் வந்திருக்கிறது, ஒரே ஓனர், மாமாவுக்குப் பிடிக்கும் என்றான். சற்று நிறுத்தி, "மெக்கானிக்கக் கூட்டிட்டு வாங்க அக்கா" என்றான்.

செலாயாங்கிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போனேன். அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் என்று வீட்டுக்காரர் கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். தம்பி பானெட்டைத் திறந்துவிட்டு, எங்களுக்கு வழிவிட்டுச் சுவரோரமாகப் போய் நின்றான். மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தார், பெல்ட்டையெல்லாம் இழுத்துப் பார்த்தார், ஒரு சுற்று ஓட்டியும் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே வந்து, "அருமையான வண்டி அக்கா, தாராளமா எடுக்கலாம்" என்றார். வீட்டுக்காரர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு சிரிப்பு வந்தது. தம்பியும் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தான்.

நான் அவனைக் கைகாட்டி மெக்கானிக்கிடம் கேட்டேன்: "அண்ணே, இவர உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

தெரியாதே என்றார் அவர். தம்பியிடமும் அதையே கேட்டேன்.