புது ரோலை எடைபோட்டவர்

செவ்வாய்க்கிழமை காலை கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கைகளையும் விட்டு பேட்டரி செல் ஒன்றை மூடிக்கொண்டிருந்தேன். வெளியே போன் மூன்று முறை அடித்து ஓய்ந்தது. பாதியில் கையை எடுத்தால் முருகேசன் சேட்டன் திட்டுவாரே என்று முடித்துவிட்டுத்தான் எடுத்தேன். திருப்பூணித்துறையில் தங்கை வீட்டில் நெஞ்சுவலி வந்து முருகேசன் சேட்டன் போய்விட்டார் என்றார்கள்.

மட்டாஞ்சேரியில் பழைய மிளகுக் கிடங்கு ஒன்றில் இருக்கிறது எங்கள் ஆய்வுக்கூடம். அங்கே பேட்டரியின் ஒரு முனையான ஆனோடுக்குப் பூச்சுப் பூசும் வேலை அவருடையது. அவருடைய அப்பா நகராட்சி ஊழியர். வீட்டில் தமிழ், படிப்பு மலையாளம். அவருக்கு அஞ்சலியாக இதை நான் உங்களுக்குத் தமிழில் எழுதுவதற்கே கிண்டல் செய்திருப்பார். மழைக்காலத்தில் ஈரக் குடையோடு யாரையும் உள்ளே விடமாட்டார். ஒழுகும் கூரையைப் பார்க்க வந்த கிடங்கு முதலாளியையே வாசலில் நிறுத்தினார். ஈரக்காற்று பட்டால் எங்கள் பண்டம் கெட்டுவிடும்.

ஆனோடில் கிராஃபைட்டோடு சிலிக்கான் சேர்த்தால் மின்சாரம் அதிகம் பிடிக்கும். ஆனால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் உப்பி, பூச்சு வெடித்து உதிரும். உதிராத கலவை ஒன்று முன்பொரு சமயம் எங்களுக்குக் கிடைத்தது. அது பிடித்த மின்சாரமோ எங்களையே மலைக்க வைத்தது. ஆய்வைத் தொடரலாமா, மூடலாமா என்று முடிவுசெய்ய மூன்று பேர் வருவதாக இருந்தது.

அவர்கள் வெலிங்டன் தீவிலிருந்து கிளம்பியாயிற்று என்று போன் வந்த நேரத்தில் சேட்டன் என் மேசைக்கு வந்தார். பூச்சு பூசும் செம்புத் தாளின் எடையை மொத்த எடையிலிருந்து கழித்தால்தான் பூச்சின் எடை தெரியும். ஒவ்வொரு முறையும் தாளை எடைபோடுவது வெட்டி வேலை, ஒரே எண்ணைக் கழியுங்கள் என்று சொன்னவள் நான். அன்று காலை அவர் எடைபோட்டுப் பார்த்ததில், புதிதாக வந்த தாள் ரோல் லேசானது என்று தெரிந்ததாம். அதனால் பூச்சு குறைவாகவும், அந்தக் கொஞ்சப் பூச்சு நிறைய மின்சாரம் பிடிப்பதாகவும் கணக்கு காட்டியிருக்கிறது. சரியாகக் கழித்தால் எங்கள் சாதனை சாதாரணமாகிவிடும்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாம் எட்டுப் பேரும் வேலை போய் வீட்டுக்குப் போகவேண்டியதுதானா, பேசாமல் போய் சாயா குடியுங்கள் என்று கத்தினேன்.

அவர் குரலை உயர்த்தவில்லை. "நான் சொன்னா உங்க பேரு போகும் மேடம். நீங்க சொன்னா தப்பு மட்டும் போகும். அவங்க சாயா குடிச்சு முடிக்கிற வரைக்கும் பாப்பேன்."

வந்தவர்கள் சாயா குடித்தார்கள். சேட்டன் தராசுப் பக்கத்தில் நின்று அவர்களுடைய கிளாஸ்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி கிளாஸ் கீழே வைக்கப்பட்டதும் அவர் ஓரடி முன்னால் வந்தார். நான் சட்டென்று எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

யார் கண்டுபிடித்தது என்று மூத்தவர் கேட்டார்.

"நான்தான். காலையில் எடைபோட்டுப் பார்த்தேன்" என்றேன்.

சேட்டன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு காலி கிளாஸ்களை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பற்றிக் கடைசிவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்கள் மறுபடி அளந்து காட்டச் சொல்லி ஆய்வைத் தொடரவிட்டார்கள். தன் தவறைத் தானே சொன்ன நேர்மைக்காரி என்ற பெயரும் எனக்கு ஒட்டிக்கொண்டது.

புதன்கிழமை அவர் உடல் அருகே நின்றபோது உங்களில் ஒருவர் என் கையைப் பிடித்து, சேட்டனின் நேர்மை உங்களிடமிருந்து கற்றது என்றார். நான் தலையாட்டினேன். வெட்கக்கேடு.

அவருடைய எடை நோட்டு என்னிடம் இருக்கிறது. எழுத்து மலையாளம், எனக்கு வாசிக்கத் தெரியாது. அந்தக் காலையின் தேதிக்கு நேரே உள்ள எண்களும் அவர் கையெழுத்தும் தெரிகின்றன. எடைபோட்டவர் முருகேசன். மறைக்கப் பார்த்தவள் நான்.