ஊருக்கே ஒரு நம்பர்

சித்தேரி மலையில் எங்கள் ஊரில் முதலில் செல்போன் வாங்கியவர் ஒரு மாமா. சொந்த மாமா இல்லை, ஊரில் இளசுகள் எல்லோருக்கும் மாமா. அவருடைய சாமைக்காடு பஸ் திரும்பும் வளைவில் இருந்தது. மலையில் சிக்னல் கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான். வெளியூரிலிருந்து யாருக்கு அழைப்பு வந்தாலும் அவர் காட்டிலிருந்து குரல் கொடுப்பார், வீட்டுக்காரர்கள் ஓடுவார்கள். ஆதார் எடுக்க முகாம் போட்டபோது போன் நம்பர் கேட்டார்கள். ஊரே வரிசையில் நின்று அவர் நம்பரைச் சொன்னது. எனக்கும் அப்பா அதையே கொடுத்தார்.

இப்போது நான் தருமபுரியில் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். எங்களைப் போன்ற மலைப் பிள்ளைகளின் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசாங்கம் ஏற்கிறது. அது இல்லையென்றால் நான் பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருப்பேன், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் வருஷா வருஷம் உதவித்தொகையை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், அதற்கான ஓடிபி ஆதாரில் இருக்கும் நம்பருக்குத்தான் வரும். மாமாவோ குடகில் மிளகு எஸ்டேட் வேலைக்குப் போய்விட்டார். நம்பரை மாற்றலாம் என்று ஆதார் மையத்துக்குப் போனால், கைரேகை விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கடைசி நாளன்று கல்லூரி அலுவலகத்தில் என்னோடு எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தியும் நின்றாள். கம்ப்யூட்டர் சயின்ஸ், முதல் வருஷம். அவளுக்கும் மாமா நம்பர்தான்.

"பணம் வந்தா படி, வரலன்னா கெளம்பி எஸ்டேட்டுக்கு வந்துருன்னு அப்பா சொல்லிட்டாருண்ணா" என்றாள். அவள் அப்பாவும் மாமாவோடுதான் வேலை செய்கிறார்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் மாமா கிடைத்தார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"வெரசா சொல்லுடா, மேஸ்திரி வந்துருவான். ஊரு ரேஷன் மெசேஜு பூராவும் எனக்குத்தான் வருது. எவன் வூட்ல எத்தினி கிலோ அரிசி வாங்குனான்னு இங்கிருந்தே சொல்லுவேன்."

நேரம் மிச்சமாகட்டும் என்று அலுவலக மேடம் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஒரே சமயத்தில் ஓடிபி கேட்டார்.

"ரெண்டு வந்துருக்குது. எது யாருது?"

"மொதல்ல வந்தது பையனுதுங்க" என்றார் மேடம்.

மாமா மேலே இருந்ததை முதலாவதாகப் படித்தார். அவர் போனில் கடைசியாக வந்ததுதான் மேலே இருக்கும். இரண்டு பேருக்குமே தப்பு என்று வந்தது. அடுத்து ஓடிபியை ஒவ்வொன்றாகக் கேட்டோம். என்னுடையது ஏறிவிட்டது. அவளுடையது குடகு மலைச் சிக்னலில் தாமதமாகிவிட, மாமா பழையதையே திரும்பப் படித்தார். இன்னொரு முறையும் அதேதான். அவளுடைய திரையில் நாளைக்கு முயலச் சொல்லிச் செய்தி வந்து பூட்டிக்கொண்டது.

"இன்னிக்கோட முடியுதும்மா. தேதி நீட்டுனாத்தான் உண்டு" என்றார் மேடம், குரலைத் தாழ்த்தி.

"இரு, உங்கப்பன் வந்துட்டான், பேசு" என்று மாமா போனைக் கைமாற்றினார்.

"ஆச்சாம்மா?"

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே, "ஆச்சுப்பா" என்றாள்.

"அண்ணங்கிட்ட குடு."

ஸ்பீக்கரை அணைத்துக் காதில் வைத்தேன்.

"நெசமாவாடா? அவ எனக்குப் பயந்துக்கிட்டு எதையாச்சும் சொல்லுவா. புள்ளைக்கு ஆயிருச்சா?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேடம்தான் பார்த்தார்.

"ஆயிருச்சுங்க சித்தப்பா."

"அப்போ சரி. நல்லா படிங்க ரெண்டு பேரும்."

என் விண்ணப்பத்தை அச்செடுத்து மேடம் நீட்டினார். அவள் முன்னால் அதை வாங்க எனக்குக் கை எழவில்லை. வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அவள் கேட்டாள்.

"தேதி நீட்டுனாங்கன்னா, நாளைக்கும் மாமா மத்தியானந்தான் எடுப்பாரா அண்ணா?"