ஓபர்ஹவுசனுக்கு வந்த நான்கு தேசிக்காய்

ஜெர்மனியின் டூசல்டோர்ஃபில் அலுவலக வேலை முடிந்த மறுநாள், சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, சக்கரப் பெட்டியோடு அங்கிருந்து ரயில் ஏறினேன். ஓபர்ஹவுசன் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். "அங்கே என்ன இருக்கு?" என்று நான் வசிக்கும் கார்ல்ஸ்ரூஹேயின் நண்பர்கள் கேட்டபோது, "ரயில் நிலையம்" என்றேன். சிரித்தார்கள்.

சிரிக்கட்டும். அங்கே முதலில் பிறந்தது நிலையம்தான். 1847இல் வெறும் புதர்க்காட்டில் தண்டவாளம் போட்டு ஒரு நிலையத்தைக் கட்டினார்கள். பெயர் வேண்டுமே? பக்கத்து மாளிகையின் பெயரை வைத்தார்கள். சுற்றிலும் சுரங்கம், உருக்காலை, வீடுகள் என்று முளைத்துப் பதினைந்தே ஆண்டில் ஊராகிவிட்டது. நிலையத்தின் பெயரே ஊருக்கும் பெயர். என்ன துணிச்சல்!

ரயிலில் என் எதிரே இருந்த வசந்தி அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். நான் போனில் தமிழ் பேசுவதைக் கேட்டுப் பேச்சுக் கொடுத்தார். மகள் ரயில் ஓட்டுநர். இன்றுதான் முதன்முதலாகத் தனியாக ஓட்டுகிறாளாம், ஓபர்ஹவுசனிலிருந்து வேசலுக்கு.

"மூண்டு வருசம் அவுஸ்பில்டுங், அதுதான் தொழிற்பயிற்சி, செய்தவள், தம்பி" என்று கைப்பையைத் திறந்து காட்டினார். உள்ளே நான்கு எலுமிச்சம்பழங்கள்.

"தேசிக்காய். அவளின்ரை ரயில் சில்லுக்குக் கீழை வைக்கவேணும்."

"ஐயோ அக்கா, ட்ராக்ல எதையும் வைக்கக் கூடாது. பெரிய ப்ராப்ளம் ஆயிடும்."

"ஓம், பிள்ளையும் அதைத்தான் சொன்னவள். தன்ரை வேலை போயிடுமாம். வைக்காமல் விடவும் எனக்கு ஏலாமல் கிடக்கு."

ஓபர்ஹவுசனில் ஒரு பழைய நடைமேடையை அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள். அங்கே உருக்காலை வண்டிகள் நிற்க, அடுத்த தண்டவாளத்தில் இன்றைய ரயில்கள் ஓடுகின்றன. பிறந்த கதையை மறைக்காத இந்த ஊர் எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அக்கா எதையும் பார்க்கவில்லை.

வேசல் ரயில் வந்து நின்றது. ஓட்டுநரின் முன்னறையில் சீருடையில் மகள். தாயின் கைப்பையைப் பார்த்ததும் வேண்டாம் என்று தலையசைத்தாள். அக்காவின் கண் கலங்கிவிட்டது. சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, உங்கடை பெட்டிக்கு நாலு சில்லுதானே?"

நான் பதில் சொல்வதற்குள் சக்கரத்துக்கு ஒன்றாகப் பழங்களை வைத்துவிட்டார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கதவுகள் மூடின.

"இப்ப இழுங்கோ!"

ரயில் நகர, நானும் இழுத்தேன். இரண்டு நசுங்கின. உருண்டோடிய இரண்டைப் பாய்ந்து பிடித்து மறுபடி வைத்து இழுத்தேன். அக்கா காகிதத்தால் நடைமேடையைப் பளிச்சென்று துடைத்தார்.

காப்பிக் கடையில் காத்திருந்தோம். கடைசியில் மகளிடமிருந்து செய்தி வந்தது: "வந்து சேர்ந்திட்டன் அம்மா." அக்கா அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

"இந்த ஊருக்கு வந்த ஃபர்ஸ்ட் ட்ரெயினுக்கு யாரும் எலுமிச்சம்பழம் வைக்கலையே அக்கா. ஊர் நல்லாத்தானே வளர்ந்திருக்கு?" என்று சீண்டினேன்.

அக்கா சிரிக்கவில்லை. "அதை ஓட்டினவனுக்கும் ஒரு தாய் இருந்திருப்பாதானே, தம்பி? அவ சும்மா இருந்திருப்பா எண்டு நினைக்கிறியளோ?"